கலந்து பேசிட்டுச் சொல்றேனுங்

கோவையில் துடியலூர், சரவணம்பட்டி, வடவள்ளி என்று எந்தப் பக்கம் போனாலும் நாலு கடைக்கு ஒன்று கட்டட இன்ஜினியர் ஆபீஸ். ஒரு கண்ணாடிக் கதவு, ஒரு கம்ப்யூட்டர், சுவரில் யாரோ கட்டிய பங்களாவின் த்ரீடி படம். வெளியே போர்டு: 'பிளான், எலிவேஷன், எஸ்டிமேட் இலவசம்.' அந்தக் கடைசி வார்த்தைக்காகவே ஊரைச் சுற்றி வரும் ஒருவர் உண்டு. இன்ஜினியர்கள் தங்களுக்குள் அவரைக் 'கொட்டேஷன் சார்' என்கிறார்கள். ஒருவர்தானா, ஊருக்கு நூறு பேரா என்று கேட்காதீர்கள். ஒரே ஆள் இத்தனை ஆபீஸில் டீ குடித்திருக்க முடியாது.

சார் மில்லில் இருந்து ரிட்டயர்டு. எந்தக் காலத்திலோ வாங்கிப்போட்ட ஐந்து சென்ட் இருக்கிறது. அதாவது 2,178 சதுர அடி. எல்லைக்கல் நட்டு, முள்கம்பி இழுத்து, உள்ளே தானாக முளைத்த ஒரு வேப்பங்கன்று மரமாகிவிட்டது. வீடு மட்டும் முளைக்கவில்லை. காரணம் பணம் அல்ல. பணம் டெபாசிட்டில் பத்திரமாக இருக்கிறது. அது கலையாமல் வீடு எப்படி வரும் என்பதுதான் சாரின் ஆராய்ச்சி.

அவர் ஆபீஸுக்கு வரும் நேரம் காலை பதினொன்று.

"வாங்க சார், உக்காருங்க. என்ன பாக்கறீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லீங் தம்பி. ஒரு சின்ன பிளான். உங்களுக்கு என்னங், கம்ப்யூட்டர்ல ரெண்டு தட்டுத் தட்டுனா வந்துருது."

அந்த ரெண்டு தட்டுக்கு நாலு வருஷப் படிப்பு, இன்னொரு ஆபீஸில் மூன்று வருஷ எடுபிடி, இன்னும் தீராத கம்ப்யூட்டர் கடன் எல்லாம் பின்னால் நிற்பது சாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தன் மருமகனும் இன்ஜினியர் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்வார். அவரையே வரையச் சொல்லலாமே என்றால், "அவுருக்கு டைம் இல்லீங், பாவம்" என்பார். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு டைம் இருப்பதாக அவரே முடிவு கட்டிவிட்டார்.

முதல் பிளான் வருகிறது. கிழக்குப் பார்த்த வாசல், கன்னி மூலையில் பெரிய பெட்ரூம், அக்னி மூலையில் சமையலறை. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பிரமாதமுங். வூட்டுல காட்டிட்டு வர்றேன்" என்று சுருட்டிக்கொண்டு போவார். வீட்டில் காட்டுவது உண்மைதான். ஆனால் வழியில் வாஸ்துக்காரர் வீடு இருக்கிறது. அங்கே தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே 2,000 ரூபாய். கேட்காமலே வைப்பார், முகம் சுளிக்காமல் வைப்பார். வாஸ்துக்காரர் பென்சிலை எடுத்து ஒரு கோடு கிழிப்பார்: "பெட்ரூம் 12 அடி ஆகாது, 11 பண்ணச் சொல்லுங்க. படிக்கட்டு ஒத்தப்படையில வரணும்."

பென்சில் கோடு ஒன்று. ஆனால் 12 அடி 11 ஆனால் சுவர் நகர வேண்டும், சுவர் நகர்ந்தால் பில்லர் நகர வேண்டும், பில்லர் நகர்ந்தால் பீம் மாறும். படியில் ஒன்றைக் குறைத்தால் ஒவ்வொரு படியும் உயர்ந்து சார் மனைவியின் முழங்கால் போய்விடும். ஒன்றைக் கூட்டினால் பாத்ரூம் கதவு திறக்காது. இதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து சரிசெய்பவருக்கு வெற்றிலைகூடக் கிடையாது. கோடு கிழித்தவருக்கு 2,000, கோட்டைச் சுமப்பவருக்கு 'பிரமாதமுங்'.

நாலைந்து தடவை இப்படி நடந்தபின் இன்ஜினியரும் தந்திரசாலி ஆகிறார். அளவு போடாமல் பிளான் கொடுப்பார். குறுக்கே ஆபீஸ் பெயரைச் சாய்வாக அச்சடித்துக் கொடுப்பார். சார் அதற்கெல்லாம் அசருபவர் அல்ல. நான் பார்க்க ஒருநாள் டீக்கடை பெஞ்சில் அந்தக் காகிதத்தை விரித்து, பேத்தியின் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டிருந்தார். தலைவாசல் மூன்றரை அடி என்று பேச்சுவாக்கில் தெரிந்துவைத்திருக்கிறார். காகிதத்தில் அது எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்தால் மீதி வீடு முழுவதும் வகுத்தலும் பெருக்கலும்தானே. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்துக்கொண்டார். சாரின் கணக்கு அன்று துல்லியமாக இருந்தது. இப்படிப்பட்ட மூளையை மில் நிர்வாகம் ஐம்பத்தெட்டு வயதில் வெளியே அனுப்பியது தேசிய நஷ்டம்.

பிளானுக்கு அடுத்தது எஸ்டிமேட். எஸ்டிமேட் என்றால் சாருக்குக் கடைசி வரிதான். ஒழுங்காகப் போடுகிற எஸ்டிமேட் வானம் தோண்டுவதில் ஆரம்பிக்கும். அஸ்திவாரக் கான்கிரீட், பில்லர், பிளிந்த் பீம், ஒன்பது இஞ்ச் சுவர் எவ்வளவு, நாலரை இஞ்ச் சுவர் எவ்வளவு, அதில் ஜன்னலுக்கும் கதவுக்கும் கழிக்க வேண்டியது எவ்வளவு, 8 எம்.எம். கம்பி எத்தனை கிலோ, 12 எம்.எம். எத்தனை, பூச்சு உள்ளே எத்தனை, வெளியே எத்தனை. 1,200 சதுர அடி வீட்டுக்கே இரண்டு மூன்று நாளைத் தின்றுவிடும். சும்மா கொடுப்பதற்கு இதை யார் போடுவார்? ஆகவே இலவச எஸ்டிமேட் என்று சாருக்குக் கிடைப்பதெல்லாம் ஒரே ஒரு பெருக்கல்: 1,200 சதுர அடி, அடிக்கு 2,300 ரூபாய், ஆக 27,60,000. அடுத்த தெருவில் அதே பெருக்கலை 2,150-இல் போட்டு 25,80,000 என்பார்கள். சார் இந்தக் காகிதத்தை அந்த ஆபீஸிலும் அந்தக் காகிதத்தை இந்த ஆபீஸிலும் காட்டி, "இதுக்கு முடியுங்களா?" என்பார். குறைந்த காகிதத்தின் அடியில் எறும்பு சைஸில் நாலு வரி இருக்கும்: தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், கரண்ட் இணைப்பு, இவை சேராது. அதைப் படிக்க மட்டும் சார் கண்ணாடியைத் துடைப்பதில்லை.

ஆர்க்கிடெக்ட் வாசலை அவர் மிதிப்பதே இல்லை. முதல் சந்திப்பிலேயே பீஸ் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். 1972-ஆம் வருடச் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தைத்தான் காக்கிறது, வரைகிற வேலையை மற்றவர்கள் செய்யத் தடையில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பேப்பரில் படித்துவிட்டு, "பாத்தீங்களா, யாரு வேணாலும் வரையலாமாம். அப்புறம் எதுக்குங் காசு?" என்றார். தீர்ப்பை எழுதியவர்கள் இந்தக் கோணத்தை யோசித்திருக்க மாட்டார்கள்.

சார் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பீஸ் வாங்கிக்கொண்டு, வேறு யாருக்கோ போட்ட பிளானில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கை நீட்டிக் காசு கொடுக்க ஆள் யோசிப்பான்தான். ஆனால் 'இலவசம்' என்று போர்டு மாட்டியவர் மட்டும் அன்னசத்திரமா நடத்துகிறார்? பத்துப் பேருக்கு வரைந்து இரண்டு பேர் கட்ட வந்தால், மீதி எட்டுப் பேரின் பிளானுக்கும் அந்த இரண்டு அப்பாவிகள்தான் சதுர அடி ரேட்டில் பணம் கட்டுகிறார்கள். சார் குடித்த டீ யாரோ ஒருவருடைய லிண்டலில் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் இதே தொழிலில் இருப்பவர். போன வருஷம் போர்டை இறக்கிவிட்டார். பிளானும் ஐட்டம் ஐட்டமாகப் போட்ட எஸ்டிமேட்டும் 10,000 ரூபாய். வேலையைக் கொடுத்தால் முதல் பில்லில் கழித்துக்கொள்வார். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போட்டு அளவோடு தருவார், யாரிடம் வேண்டுமானாலும் கொண்டுபோய்க் கட்டிக்கொள்ளலாம். சார் உள்ளே வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"பத்தாயிரமுங்களா? கட்டறதுக்கு முன்னாடியேவா?"

"வரையறதும் கட்டறதுக்கு முன்னாடிதானே சார்."

சார் கொஞ்ச நேரம் த்ரீடி படத்தைப் பார்த்தார். பிறகு பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் முதல் தளமும் என்றால் சுயசான்று கொடுத்தாலே ஆன்லைனில் அனுமதி என்று 2024 ஜூலையில் வந்ததல்லவா, அது.

"அரசாங்கமே எங்க பேச்ச நம்புதுங் தம்பி. நீங்க நம்ப மாட்டீங்களா?"

"அரசாங்கம் நம்பினாலும் அதுக்குக் கட்டணம் வாங்குதுங்களே சார்."

"அது... அரசாங்கமுங்."

பேரம் 1,000-இல் ஆரம்பித்து 1,500-இல் நின்றது. அளவு இல்லாமல் கொடுத்தால் போதும், அளவு நான் பாத்துக்கறேன் என்று வேறு சொன்னார். ஸ்கேல் வீட்டில் இருக்கிறதே. கடைசியில் எழுந்து, பெண் பார்த்துச் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டவர்கள் சொல்லும் அதே வாக்கியத்தைச் சொன்னார்: "கலந்து பேசிட்டுச் சொல்றேனுங்."

அந்த மாதம் நண்பருக்குக் கூட்டம் பாதியானது, டீ செலவு அதைவிடக் குறைந்தது. வந்தவர்கள் மனைவியையும் பத்திரத்தையும் கையோடு கூட்டிவந்தார்கள். 10,000 கொடுத்தவர் வாஸ்துவை முதலிலேயே முடித்துக்கொண்டு வருகிறார் என்பது நண்பர் எதிர்பாராத லாபம்.

சார் சோர்ந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். இப்போது சோலார் பக்கம் திரும்பியிருக்கிறார். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது, இடத்தைப் பார்த்து எஸ்டிமேட் போட வருபவர்களும் காசு கேட்பதில்லை. மூன்று கம்பெனிகளுக்குப் போன் போட்டுவிட்டார். முதலில் வந்த பையன் வேப்பமரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், மொட்டை மாடி எத்தனை சதுர அடி?"

"எந்தப் பிளான்ல கேக்கறீங்க தம்பி?"