நாயின் வாயைத் திறந்து பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோவை மாநகரின் வளர்ப்பு நாய்கள் மற்றும் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் காவல் நாய்கள்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
கோயம்புத்தூர் மாநகராட்சி.

பொருள்: பொது சுகாதாரம் – வளர்ப்பு நாய்கள் – பல், முடி, நகம், காது பராமரிப்பு – ஆண்டுக்கு ஒருமுறையாவது வாய் திறந்து பார்க்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களின் மேலான கவனத்திற்கு:

1981இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்து, இன்று 100 வார்டுகளோடு பரந்து கிடக்கும் கோவையில் நாய் தொடர்பான கோப்புகளுக்குப் பஞ்சமில்லை என்பதை மனுதாரர்கள் பெருமையோடு ஒப்புக்கொள்கின்றனர். தெருநாயைப் பிடித்து, 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதும், வளர்ப்பு நாய்க்கு உரிமம் கேட்டு வருபவரிடம் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்பதும் போற்றத்தக்க பணிகளே; அவை அனைத்தும் நாயின் பல்லை முன்னிட்டே நடைபெறுகின்றன என்பதும் உண்மையே. ஆயினும் நாயின் பல் மனிதச் சதையில் பதிந்தால் அது அரசுக் கோப்பு, அதே பல் நாயின் வாயிலேயே அழுகினால் அது வீட்டு விவகாரம் என்னும் நுட்பமான அதிகாரப் பகிர்வை வகுத்தவர் யார் என்பது மனுதாரர்களுக்கு விளங்கவில்லை.

பல் பார்க்கத் தெரியாத ஊர் என்று கொங்கு நாட்டைச் சொல்லிவிட முடியாது. வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவையொட்டிக் கூடும் காங்கேயம் மாட்டுச் சந்தையிலும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயிலில் கூடும் கால்நடைச் சந்தையிலும், தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசத் தொடங்கும் முன்பே, வாங்க வந்தவர் மாட்டின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்துவிடுவார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது என்பதும், கீழ்த்தாடையின் எட்டு முன்பற்களில் எத்தனை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்திருக்கின்றன என்பதை வைத்து வயதைக் கணிக்கலாம் என்பதும் பள்ளிக்கூடம் போகாத பெரியவருக்கும் தெரிந்த கணக்கு. அப்படிப்பட்டவரின் தோட்டத்துச் சாளை வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாயின் வாயையோ, அது குட்டியாக வந்து சேர்ந்த நாள்தொட்டு ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. நாயை அவர் விற்கப்போவதில்லை. விற்காத வாயில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்பதே அவர் தரப்பு நியாயம்.

பார்ப்பதற்கு அங்கே நிறையவே இருக்கிறது. குட்டிக்கு 28 பால்பற்கள் இருக்கும். அவை விழுந்து, ஏழு மாத வயதுக்குள் பொதுவாக 42 நிலைப்பற்களும் முளைத்துவிடும். பொமரேனியன், லாசா ஆப்சோ போன்ற சிறிய இன நாய்களில் பால்பல் விழாமலே பக்கத்தில் நிலைப்பல் முளைத்து, இரண்டுக்கும் இடையில் உணவு தங்கிப்போவது உண்டு. தின்ற உணவின் எச்சமும் உமிழ்நீரும் பாக்டீரியாவும் சேர்ந்து சில மணி நேரத்தில் பல்லின் மேல் உண்டாக்கும் வழவழப்பான மெல்லிய பூச்சுக்குப் பற்படலம் என்று பெயர். அதைத் துலக்கி எடுக்காவிட்டால் ஓரிரு நாளிலேயே உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஏற்று இறுகத் தொடங்கும், அதுவே பற்காரை. சிறுவாணித் தண்ணீர் வராத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் குழாயின் உட்புறத்தில் அடை அடையாகப் படிவதைப் பார்த்த கோவைவாசிக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. குழாய் அடைத்தால் அன்றைக்கே பிளம்பரை அழைத்துவிடுவார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. காரை ஈறுக்கு அடியிலும் இறங்கினால் ஈறு வீங்கி விலகும், பல்லைத் தாங்கும் எலும்பு கரையும், பல் ஆடும். மூன்று வயதைக் கடந்த நாய்களில் பெரும்பாலானவற்றின் வாயில் ஈறுநோய் ஏதேனும் ஒரு நிலையில் இருப்பதாகக் கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

நோயை அறிய நுண்ணோக்கி எதுவும் தேவையில்லை என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. நாய் கொட்டாவி விடும்போது பக்கத்திலிருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவே முதல் சான்று. ஆனால் உரிமையாளரோ "நாய் வாயின்னா நாறத்தானுங்க செய்யும்" என்று அந்தச் சான்றைத் தள்ளுபடி செய்துவிடுகிறார். அடுத்து நாய் ஒரு பக்கமாகவே மெல்லும், வாயில் வைத்த உருண்டையைக் கீழே போட்டு மறுபடியும் எடுக்கும், முன்காலால் கன்னத்தைத் தேய்க்கும், எச்சிலில் இரத்தம் கலந்து வரும். வலியை மறைத்துக்கொண்டு பசிக்குத் தின்பது நாயின் இயல்பாதலால், "சோறு திங்குதுங்களே, அப்புறம் என்ன?" என்ற வாதம் இந்தக் கட்டத்தில் முன்வைக்கப்படும். இறுதியில் மேல்தாடையின் பெரிய முன்கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டி, கண்ணுக்குக் கீழே கன்னம் புடைக்கும்போது, பூச்சி கடித்துவிட்டது என்று மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள். மஞ்சள் கன்னத்தில் இருக்கும், நோய் பல்லில் இருக்கும், உரிமையாளரின் மனச்சாட்சி நிம்மதியாக இருக்கும்.

பல் பராமரிப்பு அறவே இல்லை என்று சொல்வதும் நன்றிகெட்டதனமாகும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டெலும்பு வழங்கப்படுகிறது. கடினமான எலும்பைக் கடித்தால் காரை கொஞ்சம் உதிரலாம், கூடவே பல்லும் பிளந்து உதிரலாம் என்பதால் இத்திட்டத்தை மறுபரிசீலனை செய்யலாம். மனிதருக்கான பற்பசையால் துலக்கிவிடும் அன்பர்களும் உள்ளனர். நாய்க்குக் கொப்பளிக்கத் தெரியாது, அது விழுங்கவே செய்யும் என்பதையும், சில பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் பொருள் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதையும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நாய்க்கென்று விற்கும் பசையைத் தொட்டு மென்மையான தூரிகையால் தினமும் துலக்குவதே போதுமான வழி. காரை படிந்த பின்னர் தூரிகை பயன்படாது. மயக்கமருந்து கொடுத்து, ஈறுக்கு அடியிலும் சேர்த்து மருத்துவரே சுத்தம் செய்ய வேண்டும்.

வாய்க்கு வெளியேயும் நிலைமை திருப்திகரமாக இல்லை. சரவணம்பட்டி அடுக்ககத்தின் டைல்ஸ் தரையில் நாய் நடக்கும்போது டக் டக்கென்று ஓசை கேட்டால் நகம் வெட்டும் காலம் கடந்துவிட்டது என்று பொருள். குறிப்பாக முன்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் நகம் தேய வழியில்லாமல் வளைந்து சதைக்குள்ளேயே இறங்கிவிடும். முடியின் வேரில் வைத்த சீப்பு நுனிவரை தடையின்றி வர வேண்டும். காதுக்குப் பின்னும் அக்குளிலும் சிக்கி நின்றால் அங்கே சடை விழுந்திருக்கிறது, ஐப்பசி மழையில் அது ஈரம் காயாமல் தோலைப் புண்ணாக்கும். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று பொமரேனியனுக்கு மொட்டையடிப்பதும் உதவாது. வெளிமுடியும் உள்முடியுமாக ஈரடுக்கில் உள்ள அந்தப் போர்வையே வெயிலைத் தடுப்பது, மழித்தால் பழையபடி வளராமலும் போகலாம். தலையை ஓயாமல் உதறினால் காதிலும், பின்புறத்தைத் தரையில் தேய்த்து நகர்ந்தால் ஆசனவாய்ச் சுரப்பியிலும், விரலிடுக்கைக் கடித்துக்கொண்டே இருந்தால் உண்ணிக்காக அங்கேயும் பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு வேண்டிய தக்க நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. அதே சட்டத்தின் 11ஆம் பிரிவோ, வதை செய்தவருக்கு முதல் குற்றத்துக்கு 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மிகாமலும் அபராதம் விதிக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு நாய்க்கான பற்பசைகூடக் கிடைக்காத காலத்தில், துலக்குவதைவிடக் குற்றம் புரிவது சிக்கனம் என்று கணக்கறிந்த கொங்கு மக்கள் முடிவு செய்தால் அவர்களைக் குறைகூற இயலாது.

ஆகவே, மனுதாரர்கள் கோருவதாவது:

முதலாவதாக, உரிம விண்ணப்பத்தில் "நாயின் வாய் கடைசியாகத் திறந்து பார்க்கப்பட்ட நாள்" என்று ஒரே ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். அதை நிரப்புவதற்காகவேனும் ஒருமுறை திறந்து பார்ப்பார்கள்.

இரண்டாவதாக, அது இயலாதெனில், ஆண்டுதோறும் வ.உ.சி. மைதானத்தில் ஒரு நாய்ச் சந்தை கூட்டி, கண்ணபுரத்துத் தரகர்களை வரவழைத்து, ஒவ்வொரு நாய்க்கும் துண்டுக்குள் விலை பேச வைக்க வேண்டும். விலை என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் கொங்கு நாட்டுக் கை தானாக வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும். பார்த்து முடிந்ததும் விற்பனைக்கு மட்டும் தடை விதித்து, நாய்களை மருத்துவரிடம் அனுப்பிவிடலாம்.

மூன்றாவதாக, இதை ஆராயக் குழு அமைப்பதையும், அக்குழு வெளிநாடு சென்று வருவதையும் தவிர்க்க வேண்டும். நாமக்கல்லில் 1985 முதலே கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உடுமலைப்பேட்டையிலும் ஒன்று உண்டு. அறிவுக்குக் குறைவில்லை, உதட்டைத் தூக்க ஒரு விரல்தான் குறைவு.

மேற்கண்ட கோரிக்கைகளின் மீது ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
மனுதாரர்கள்.

குறிப்பு: மனுதாரர்களுக்கு எழுத்தறிவு இல்லாததால் கால்நாட்டு வைக்க முயன்றனர், நகம் வெட்டப்படாத காரணத்தால் தாள் மூன்று இடங்களில் கிழிந்துள்ளது. கிழிசலையே கையொப்பமாக ஏற்றருள வேண்டும்.