128வது கேசட்

போன மாதம் மகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள். "அப்பா, 4 டிபி டிஸ்க் வாங்கி என் பழைய பிசியில மாட்டினேன். 2 டிபிக்கு மேல எடுத்துக்கவே மாட்டேங்குது."

"அதுல ஏதாவது எழுதினியா?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றாள். அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

2007-ல் பட்ட பாடு அப்படி.

சித்தப்பா துபாயிலிருந்து வரும்போது ஒரு ஸ்டீரியோ டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடந்தால், களரியின் ஓரமாக முகவீணைக்காரருக்கு அருகில் அந்தப் பெட்டியை வைத்து விடிய விடியப் பதிவு செய்வார். நானும் கூடவே போவேன். பாதியில் அவர் மடியிலேயே தூங்கிவிடுவேன். அவர் காலமான பிறகு அந்தக் கேசட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டிகளில் என்னிடம் வந்தன. மொத்தம் 130. ஒவ்வொன்றும் 90 நிமிடம். சிலவற்றில் நாடாவின் ஓரம் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. அவற்றைக் கணினியில் ஏற்றுவதை இனித் தள்ளிப்போட முடியாது என்று தெரிந்தது.

சிடி தரத்தில் ஒரு கேசட்டை ஏற்றினால் ஏறக்குறைய 950 எம்பி. 130 கேசட்டுக்கு 124 ஜிபி. 2002-ல் வாங்கிய என் மடிக்கணினியில் இருந்ததோ 30 ஜிபி டிஸ்க். ரிச்சி தெருவுக்குப் போய் 160 ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கினேன். பழையதில் இருந்த எல்லாவற்றையும் கடையிலேயே அப்படியே நகலெடுத்து, பார்ட்டிஷனையும் கடைசி வரை நீட்டிக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பொருள். ஒரு ஓரத்தில் குண்டூசி போல 44 முட்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்று வளைந்திருந்தது. மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, வெறும் மூக்கை அந்த முள்ளில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன்.

மாட்டியதும், கணினி தொடங்கும்போதே ஓடும் பயாஸ் 137 ஜிபி என்று காட்டியது. விண்டோஸ் எக்ஸ்பியோ 149 என்றது. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவார்கள், விண்டோஸ் 1024-ஆக எண்ணும். 160 என்பது 149 ஆவது அதனால்தான். இது எனக்குத் தெரியும். அதனால் விண்டோஸை நம்பினேன், பயாஸ் சொன்னதைக் கவனிக்காமல் விட்டேன்.

கவனித்திருக்க வேண்டும். டிஸ்க் என்பது 512 பைட் கொண்ட சின்னச் சின்ன அறைகளால் ஆனது. அறைக்கு ஒரு எண் உண்டு. அந்தக் கால மென்பொருள் இந்த எண்ணை எழுத 28 பிட் இடம்தான் வைத்திருந்தது. அதில் அடங்குவது 26,84,35,456 அறைகள், அதாவது 137.4 ஜிபி. என் டிஸ்க்கிலோ 31,25,81,808 அறைகள். எண்ணை 48 பிட்டாக நீட்டிய தரம் 2002-ல் வந்தது. எக்ஸ்பி வெளியானது 2001 அக்டோபரில். மறு செப்டம்பரில் வந்த சர்வீஸ் பேக் 1-தான் அதற்கு இந்தப் பெரிய எண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. வீட்டில் டயல்-அப் இணைப்பு. எந்தச் சர்வீஸ் பேக்கையும் நான் இறக்கியதில்லை.

ஓர் இரவுக்கு இரண்டு கேசட் என்று இரண்டு மாதம் ஓடியது. இடையில் 1986-ல் பதிவான கர்ண மோட்சம் ஏற்றி முடிந்த மறுநாளே, டெக் அந்த நாடாவை மென்று துப்பிவிட்டது. டிஸ்க்கில்தான் இருக்கிறதே என்று அதைக் குப்பையில் போட்டேன். இன்றுவரை அந்தக் கையை மன்னிக்க முடியவில்லை.

128வது கேசட் ஓடிக்கொண்டிருந்த இரவு டிஸ்க் அந்த எல்லையைத் தொட்டிருக்கிறது. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்தில் நிற்குமே, அதேதான். எல்லைக்கு அப்பால் போக வேண்டிய சத்தம் திரும்பி வந்து டிஸ்க்கின் முதல் அறையிலிருந்து எழுத ஆரம்பித்துவிட்டது. காலையில் கறுப்புத் திரை. 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்.' சித்தப்பாவை இரண்டாம் முறை பறிகொடுத்தது போல உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரியில் கணினி ஆய்வகம் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் நாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் சிடியோடு வந்தார். "இதுல இனி ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது சார்" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. லினக்ஸ் பயாஸிடம் கேட்காமல் நேராக டிஸ்க்கோடு பேசியது. 160 ஜிபியையும் பார்த்தது. அழிந்தது தொடக்கத்தில் இருந்த சில நூறு எம்பி மட்டுமே. பார்ட்டிஷன் அட்டவணையும் பூட் செக்டரும் விண்டோஸின் ஒரு பகுதியும் அதில் போயின. ஆனால் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டருக்கு ஒரு நகலைப் பார்ட்டிஷனின் கடைசி அறையில் வைத்திருக்கும். என் மடிக்கணினியின் பழைய எக்ஸ்பிக்கு எட்டாத அந்த மூலையில் அது பத்திரமாக இருந்தது. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் அதை எடுத்து முன்னால் வைத்தது. கோப்புகளின் பட்டியல் பெயர் பெயராக வந்தது. அர்ஜுனன் தபசு. திரௌபதி வஸ்திராபரணம். கர்ண மோட்சம். நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டேன், பேச்சு வரவில்லை.

எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகு முறையாகச் செய்தோம்: முதலில் 20 ஜிபிக்கு ஒரு சின்னப் பார்ட்டிஷன், அதில் எக்ஸ்பி, அதன்மேல் சர்வீஸ் பேக் 2, கடைசியாக மிச்ச இடம். பயாஸ் கடைசிவரை 137 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பூட் ஆகத் தேவையான கோப்புகள் அதற்குள்ளேயே இருந்ததால் தொந்தரவில்லை. 128வது கேசட்டை மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன்.

மகளின் டிஸ்க்கில் இருந்தது எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை. அதில் அறை எண்ணுக்கு 32 பிட். 2048 ஜிபியோடு முடிந்துவிடும். டிஸ்க் காலியாக இருந்ததால் ஜிபிடி என்ற புதிய அட்டவணைக்கு மாற்றச் சொன்னேன். 3.63 டிபி வந்துவிட்டது. தீபாவளிக்கு வந்தபோது 130 கேசட்டையும் அதில் ஏற்றிக்கொண்டாள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஊருக்குப் போன அன்றிரவே கர்ண மோட்சத்தைப் போட்டுவிட்டுப் போன் செய்தாள். மத்தளம் தொடங்குவதற்கு முன், வெகு அருகில் சித்தப்பாவின் குரல்: "டேய், பெட்டிகிட்ட வராதடா."

"யாரைப்பா திட்டுறார்?" என்றாள்.

"என்னைத்தாம்மா."