பூஜ்யம் போட்ட புத்தாண்டு

சுவிட்சர்லாந்து 2024 ஜனவரி 1 அன்று தொழிற்பொருட்களுக்கான இறக்குமதி வரியை அடியோடு எடுத்துவிட்டது. கார், சைக்கிள், சட்டை, சலவை இயந்திரம், எல்லாவற்றுக்கும் பூஜ்யம். அதுவரை அங்கே வரி போட்ட விதமே அலாதி. விலையைப் பார்ப்பதில்லை, தராசில் வைப்பார்கள். நூறு கிலோவுக்கு இத்தனை பிராங்கு, அட்டைப்பெட்டியின் கனமும் சேர்த்தி. ஒரே ரகச் சட்டையில் மலிவானதும் மகா விலையானதும் தராசுக்கு முன் சமம். அந்தச் சமதர்மம் போயிற்று.

அதே ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரி 7.7 சதவீதத்திலிருந்து 8.1 ஆனது. இறக்குமதிச் சரக்குக்கும் அது உண்டு. சுங்கப் படிவமும் போகவில்லை. பூஜ்யம் என்றாலும் எழுதித்தானே தர வேண்டும்!

வெண்ணெய், இறைச்சி போன்ற விவசாயப் பொருட்களுக்கு மட்டும் பழைய வேலி அப்படியே நிற்கிறது. மாட்டுக்கு ஓட்டு இல்லை, மாட்டுக்காரருக்கு உண்டு.

“உங்கள் தொழிற்பொருளுக்கு எங்களிடம் வரியே கிடையாது” என்று வாஷிங்டனிடம் சொல்லிப் பார்த்தார்கள். 2025-இல் கிடைத்த பதில், சுவிஸ் சரக்குக்கு 39 சதவீத வரி. (பேசிப் பேசிப் பிற்பாடு 15-க்கு இறக்கினார்கள்.) அந்த 39 சதவீதம் சுவிஸ் மக்களுக்குத் தெரிந்தது ஆகஸ்ட் 1, அவர்களுடைய தேசிய தினம். விடுமுறை, அலுவலகத்தில் உட்கார்ந்து திட்டக்கூட ஆளில்லை.