க-பாஷை எழுத்திலக்கணம்: ஏரலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒவ்வோர் எழுத்துக்கு முன்னும் ஒரு 'க' போட்டுப் பேசினால் பெரியவர்களுக்குப் புரியாது என்பதே க-பாஷையின் தோற்றக் கொள்கை. 'நீ வா' என்பது 'கநீ கவா'. ஏரலுக்குப் பக்கத்து ஊரான கொற்கை 'ககொற்ககை' ஆகும். இடையில் நிற்கும் ற் என்னும் மெய்க்குத் தனிக் 'க' கிடையாது. சொந்த உயிரே இல்லாததற்குச் சலுகை எதற்கு?

பாஷை என்றால் பூர்வீகம் வேண்டும். மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கிக்கு 'பாகுபலி'யில் (2015) காலகேயர் கூட்டமே கிடைத்தது. க-பாஷை கொற்கையில் முத்துக் குளித்தவர்களின் மொழி என்று நிறுவ யாமும் ஆசைப்பட்டோம். தண்ணீருக்குள் யாரும் பேச முடியாது என்பதால் கைவிட்டோம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்றதுபோல இதுவும் குழூஉக்குறி என்று நன்னூலார் நிழலில் ஒதுங்கிக்கொண்டோம்.

அதே நன்னூல்தான் ஏரலில் வந்து மறிக்கிறது. 'கஏகரல்' என்று எழுதக் கூடாது. அளபெடை ஒழிய, உயிரெழுத்து சொல்லின் நடுவே வராது. உடம்படுமெய் இட்டுக் 'கவேகரல்' என்றால், சிறுமூங்கிலைக் குறிக்கும் 'வேரல்' என்ற சொல்லுக்கும் அதே வடிவம். ஊர் மூங்கிலானால் ஆகட்டும். இந்தப் பக்கத்துப் பையன் வாய் திறந்தாலே முதலில் வருவது 'ஏல'. அதுவும் 'கவேகல', 'வேல'யும் 'கவேகல'. விளையாடக் கூப்பிட்டால், வேலை வைக்கப் போகிறார்கள் என்று ஓடியே போவான்.

ஏகாரத்துக்கு இது புதிய துன்பமல்ல. ஓலையில் புள்ளியை விட்டு எழுதியதால் எகரமும் ஏகாரமும் ஒரே உருவில் கிடந்தன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பிரித்துவைத்தார் என்பர். அவர்போல் யாமும் புது எழுத்து செய்யலாம் என்றால், எஸ்பெராந்தோ என்னும் செயற்கை மொழியை 1887இல் வெளியிட்ட சாமன்ஹோஃப் கதை தடுக்கிறது. அவர் சில எழுத்துகளுக்குத் தொப்பி மாட்டினார். அச்சகங்களில் அந்த அச்சு இல்லை. தொப்பிக்குப் பதில் 'எச்' சேர்த்துக்கொள்ள அவரே இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. புது எழுத்து செய்வோர் முதலில் அச்சுக் கோப்பவரைக் கேட்பது நல்லது.

ஆகவே, இருக்கிற எழுத்திலேயே வேலையில்லாத ஒன்றைப் பிடித்தோம்: ஆய்தம். 'கஃஏகரல்', 'கஃஏகல'. ஆய்தத்துக்குப் பின் வல்லின உயிர்மெய்தானே வர வேண்டும் என்பார்கள். 'ஃபேன்' என்று சொல்லின் முதலிலேயே ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து ஆய்தம் யார் பேச்சையும் கேட்பதில்லை. ஊரின் பேர் தப்பியது.

ஒரே ஒரு புறனடை. மதிய வெயிலில் 'ஃபேன் போடு' என்பது 'கஃபேன் கபோகடு' ஆகிறது. அதைக் காதில் வாங்கிய பெரியவர் இரண்டு காபி சொல்லிவிட்டார்.