குழலுக்குப் பிடிச்ச தீனி

வா மாப்ள, உக்காரு. கையில என்ன, நகைப் பெட்டியா? ஓ, தோட்டாவா! அட்டையில கொம்பு மான், பனிமலை, பளபளன்னு மை. விலையைப் பாத்தா மானையே வாங்கிரலாம் போலிருக்கே.

ஊர்ல 1972ல சட்டம் வந்ததுக்கப்புறம் மானைக் கண்டா கன்னத்துல போட்டுக்கிட்டு நகரணும். இந்த விஸ்கான்சின்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமையிலேருந்து ஒன்பது நாள், அரசாங்கமே சீட்டுக் கொடுத்து துப்பாக்கியோட காட்டுக்குள்ள அனுப்புது. 1973லயும் அதுக்கப்புறமும் பொறந்தவனெல்லாம் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போயிட்டு வரணும். நான் சூதானமா முன்னாடியே பொறந்துக்கிட்டேன்.

முதல்ல குழல் மேல என்ன வெட்டியிருக்குன்னு படி. '.308 வின்செஸ்டர்'. 1952லேருந்து ஓடுற உருப்படி. பெட்டியிலயும் அதே எழுத்து இருக்கணும். கல்யாணப் பொருத்தத்துல பத்துக்கு ஏழு வந்தாலே தாலி கட்டிருவாங்க. இதுல பத்துக்குப் பத்து. இல்லன்னா உன் மூக்கு உன்கிட்ட இருக்காது.

அடுத்து குண்டு. 150 கிரெயின்னா பயந்துராத, ஒன்பதே முக்கால் கிராம்தான். வெள்ளைவால் மானுக்கு அது தாராளம். முனையில ஈயம் எட்டிப் பாக்கணும். பட்டதும் காளானாட்டம் விரியும். ரெமிங்டன் கோர்-லாக்ட் 1939லேருந்து அதைத்தான் செய்யுது. நீ வாங்கினது 'மேட்ச்'. போட்டிக்காரன் காகிதத்துல ஓட்டை போடச் செஞ்சது. காகிதத்தை யாராவது குழம்பு வெப்பாங்களா? மலிவா கெடைக்குதேன்னு முழு உறை போட்ட குண்டையும் தூக்கிட்டு வந்துராத. விரியாம ஊசியாட்டம் உள்ள போயி வெளிய வரும், மான் காயத்தோட ஓடிப்போயி எங்கயோ கெடந்து சாகும். பாவம். பல மாநிலத்துல குத்தமும்கூட.

'எது மாமா துல்லியம்?'னு என்னைக் கேட்டு என்ன ஆகப்போகுது? குழலைக் கேளு. ஒரே மிசின்ல அடுத்தடுத்து வந்த ரெண்டு ரைபிளுக்கு ரெண்டு ருசி. எங்க வீட்டுச் செவலை கம்பந்தட்டையைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கும், சோளத்தட்டைன்னா கட்டுத்தறியையே பிடுங்கும். பக்கத்து வீட்டு மாட்டுக்கு அப்படியே தலைகீழ்.

அதனால சாதாப் பெட்டியா நாலு வாங்கு. ஃபெடரல் பவர்-ஷாக், வின்செஸ்டர் பவர்-பாயிண்ட், ஹார்னடி அமெரிக்கன் ஒயிட்டெயில், கோர்-லாக்ட். பெட்டிக்கு 20. பித்தளைக் கூடா பாத்து வாங்கு. ஏன்னு இப்பக் கேக்காத.

100 கெஜத்துல அட்டையை வெச்சு, மணல் மூட்டை மேல துப்பாக்கியைச் சாத்தி, ஒவ்வொண்ணுலயும் மூணு மூணா மூணு தரம் சுடு. நடுவுல குழல் ஆறட்டும். சூடேறின குழல் சொல்ற சாட்சி செல்லாது. நடுப்புள்ளியில படலையேன்னு மூஞ்சியைத் தூக்காத. அதுக்குத்தான் ஸ்கோப்புல திருகு வெச்சிருக்கான். மூணும் ஒண்ணையொண்ணு ஒட்டி விழுதான்னு மட்டும் பாரு.

ஒன்றரை அங்குலத்துக்குள்ள விழுந்தா கும்பிட்டு எடுத்துக்க. மானோட நெஞ்சுல உயிர்நிலை எட்டங்குலம் இருக்கும். அவ்வளவு அகலக் கதவுல நுழையிறதுக்கு, அரை அங்குலம் இளைக்கணும்னு ரெட்டைக் காசு கொடுப்பியா? கொடுக்கிறவனைத் தேடித்தான் அந்தப் பனிமலைப் பெட்டி கடையில காத்துக் கெடக்கு. எல்க் மாதிரி எலும்பு பெருத்ததைத் தேடிப் போறப்ப, கெட்டிக் குண்டுக்குச் செலவு பண்ணு.

குழல் மெச்சினது எதுன்னு தெரிஞ்சதும் பெட்டியில அச்சடிச்சிருக்கிற லாட் நம்பரைப் பாரு. அதே நம்பர்ல இன்னும் நாலு பெட்டி எடுத்து வெச்சுக்க. லாட்டு மாறினா குண்டு விழற இடமும் கொஞ்சம் மாறலாம். ஒரே கடை இட்லி மாவு நேத்து ஒரு மாதிரி, இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கிறதில்லையா?

இப்பக் கணக்குப் போடு. 80ல 36 போச்சு, மிச்சம் 44. அதையும் மேஜை மேல வெச்சே சுட்டுத் தீத்துராத. மண்டி போட்டுச் சுடு, மரத்துல சாஞ்சு சுடு, நின்னு சுடு. 'இரு தம்பி, மேஜை கொண்டாறேன்'னு மான் சொல்லாது. அத்தனையும் சுட்டு முடி, ஒண்ணுகூட மிச்சம் வெக்காத. நானும் கூட வர்றேன்.

என்ன பாக்குற? இந்தக் காபி டப்பா எதுக்குன்னா? காலிப் பித்தளைக் கூடு 80ஐயும் பொறுக்கி இதுல போடு. கடைத் தோட்டா வாங்குறதெல்லாம் உன்னாட்டம் எளவட்டம் செய்யிற வேலை. நான் ராத்திரி கொட்டகையில உக்காந்து, அதே கூட்டுல மருந்தும் குண்டும் அடைச்சுச் சுட்டுக்கிறவன். இத்தனை நேரம் புத்தி சொன்னதுக்குக் கூலி வேணாமா, மாப்ள?