பிற்கால சீசன்களின் தேய்மானம்: ஒரு சுறாவழி ஆய்வு

புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்தவர், அதைப் புதிதாகத் தொடங்குகிறவரிடம் தவறாமல் ஒன்று சொல்வார்: "மூணாவது சீசனோட நிறுத்திடுங்க." தொடருக்குத் தக்கபடி மூன்று நான்காகலாம், ஒன்றாகவும் சுருங்கலாம். இதைச் சொல்கிறவர் எட்டு சீசனையும் ஒன்றுவிடாமல் பார்த்தவராகவே இருக்கிறார் என்பதை இதுவரை எந்த அறிஞரும் கவனத்தில் கொள்ளவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வெல்லை அமெரிக்க நாடகத் தொடர்களோடு நிற்கிறது. களப்பணி பெரும்பாலும் படுத்த நிலையிலும், சிறுபான்மை சாய்ந்த நிலையிலும் நிகழ்த்தப்பட்டது.

முதலில் அளவை. நீளத்துக்கு மீட்டரும் எடைக்குக் கிலோவும் இருக்க, சீசன் கெடுவதை அளக்க மட்டும் அலகில்லாமல் "முன்ன மாதிரி இல்லை" என்று உதட்டைப் பிதுக்குவதே வழக்கமாக இருந்தது. நல்வாய்ப்பாக, 1977-இல் 'ஹாப்பி டேஸ்' என்ற தொடரின் ஐந்தாம் சீசனில் நாயகன் ஃபான்ஸி, அரைக்கால் நீச்சலுடையும் தோல் ஜாக்கெட்டுமாக நீர்ச்சறுக்குப் பலகையில் ஏறி, கடலில் அடைத்து வைத்திருந்த ஒரு சுறாவைத் தாண்டிக் குதித்தான். அது நகைச்சுவைத் தொடர், நம் எல்லைக்குள் வராது. ஆனால் படிக்கல்லைப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கினாலும் எடை ஒன்றுதான். ஃபான்ஸியாக நடித்த ஹென்றி விங்க்லருக்கு உண்மையிலேயே நீர்ச்சறுக்கு தெரியும் என்பது இங்கே முக்கியமான தரவு. ஆகவே, கதை கேட்காததும் எவருக்கோ செய்யத் தெரிந்திருப்பதுமான ஒரு வித்தை திரையில் நிகழுமானால், அது ஒரு சுறா எனப்படும். அந்தத் தொடர் அதன்பின் 1984 வரை ஓடியது. சுறாவால் எவரும் சாவதில்லை என்பது இதனால் பெறப்படும் முதல் உண்மை.

அடுத்துக் கருதுகோள். ஒவ்வொரு தொடரும் ஒரு கேள்வியோடு பிறக்கிறது. கேள்விக்கு விடை கிடைத்த அன்று கதை தீர்ந்துபோகிறது. தலைப்பு தீர்வதில்லை, ஏனென்றால் அதற்கு விளம்பரதாரரிடம் விலை இருக்கிறது. கதை போய்ச் சேர்ந்த பின்னும் தலைப்பு நடமாடும் காலத்தையே பிற்கால சீசன் என்கிறோம்.

'ப்ரிசன் பிரேக்' இதற்குத் தலையாய சான்று. செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற அண்ணனைக் காப்பாற்ற, கட்டடப் பொறியாளரான தம்பி மைக்கேல், சிறையின் வரைபடத்தை உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொண்டு, வேண்டுமென்றே குற்றம் செய்து உள்ளே போகிறான். 2005-இல் தொடங்கிய முதல் சீசனின் முடிவில் அண்ணனும் தம்பியும் கூட்டாளிகளோடு மதிலேறித் தப்பிவிடுகிறார்கள். கதை சுபம். தலைப்போ சிறையுடைப்பு. வெளியே வந்துவிட்டவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டாம் சீசன் முழுக்க ஓடவிட்டார்கள். மூன்றாவதில் பனாமா நாட்டுச் சிறைக்குள் தள்ளினார்கள். கடைசியில் மைக்கேலைச் சாகடித்தும் விட்டார்கள். 2017-இல் பார்த்தால் அவன் புதிய பச்சைக்குத்தல்களோடு ஏமன் நாட்டுச் சிறையில் உயிரோடு இருக்கிறான். சாவிலிருந்து தப்பியவன் தலைப்பிலிருந்து தப்ப முடியவில்லை. தோராயமாக நான்கு சுறா.

'ட்வின் பீக்ஸ்' (1990) வேறு வகை. லாரா பால்மரைக் கொன்றது யார் என்ற ஒரு கேள்விக்காக அமெரிக்கா தூக்கம் கெட்டுக் கிடந்தது. படைத்தவர்களான டேவிட் லின்ச்சுக்கும் மார்க் ஃப்ராஸ்டுக்கும் அதை அவிழ்ப்பதில் அவசரமே இல்லை. ஒளிபரப்பிய நிறுவனம் நெருக்கியது. இரண்டாம் சீசனின் நடுவிலேயே கொலைகாரன் யாரென்று சொல்லப்பட்டது. அதன்பின் வந்த வாரங்களை இத்துறை மாணவர் ஒவ்வொருவரும் பாடமாகக் கொள்ளவேண்டும். நடுவயதுப் பெண் ஒருத்தி நினைவு தப்பித் தன்னைப் பள்ளி மாணவி என்று நம்பி, அசுர பலத்தோடு மல்யுத்த அணியில் சேர்கிறாள். ஓட்டல் முதலாளி ஒருவர் தம் அறையில் அமெரிக்க உள்நாட்டுப் போரை மீண்டும் நடத்துகிறார். விடை தெரிந்துவிட்ட ஊரில் பொழுது போகவேண்டுமே. 1991-இல் தொடர் நிறுத்தப்பட்டது.

இங்கே மறுப்போர் கூற்று ஒன்றைப் பார்க்கவேண்டும். "கேள்வி தீர்வதெல்லாம் காரணமில்லை, எழுதியவர் போனால் எழுத்தும் போகும்" என்பர் ஒருசாரார். அமெரிக்க அதிபர் மாளிகையைச் சுற்றிய 'தி வெஸ்ட் விங்'கைக் காட்டுவர். ஆரன் சோர்கின் நான்காம் சீசனோடு 2003-இல் விலகினார்; ஐந்தாவது சீசன் வாடிப்போனது உண்மை. ஆனால் அடுத்து யார் அதிபர் என்று தேர்தலை வைத்ததும் அதே தொடர் எழுந்து உட்கார்ந்ததே? சோர்கின் திரும்பி வரவில்லை, கேள்வி வந்தது. ஆகவே மறுப்பு மறுக்கப்பட்டது. (ஆய்வேட்டில் இப்படி எழுதும்போது கிடைக்கும் நிறைவு வேறெதிலும் இல்லை.)

'டல்லஸ்' பற்றிப் பேசாமல் இத்துறையில் யாரும் தலைகாட்ட முடியாது. பாபி யூயிங்காக நடித்த பேட்ரிக் டஃபி விலக விரும்பியதால் 1985-இல் பாபி கார் மோதி இறந்தான். ஆள் இல்லாமல் ஒரு முழு சீசன் போயிற்று. பார்ப்போர் எண்ணிக்கையும் போயிற்று. அழைத்துவந்துவிடலாம் என்று முடிவானது. செத்தவனை எப்படி அழைப்பது? 1986-இல், பாபியின் மனைவி பேம் ஒரு காலை கண்விழித்துக் குளியலறைக் கதவைத் திறக்கிறாள். உள்ளே பாபி குளித்துக்கொண்டிருக்கிறான். சென்ற சீசனின் 31 எபிசோடுகளும் அவள் கண்ட கனவு! ஓராண்டுக் காலம் நடந்த திருமணம், துரோகம், வியாபாரம் எல்லாம் ஒரே வாளித் தண்ணீரில் போயின. என் கணிப்பில் இது 31 சுறா. சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.

ஆனால் அறிஞர்களை உறங்கவிடாத சிக்கல் வேறு. 'டல்லஸ்' ஈன்ற கிளைத்தொடர் 'நாட்ஸ் லேண்டிங்'. அதில் வாழ்பவன் பாபியின் அண்ணன் கேரி. தம்பி இறந்த செய்தி அங்கேயும் வந்து, முறைப்படி துக்கமும் அனுசரிக்கப்பட்டது. கனவு கலைந்தது தாய்த்தொடரில் மட்டும். கிளைத்தொடர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தம்பி டெக்சஸில் தலை துவட்டிக்கொண்டிருக்க, அண்ணன் கலிஃபோர்னியாவில் தம்பியை இழந்தவனாகவே 1993 வரை காலம் தள்ளினான். பேமின் கனவுக்குள் கேரிக்கு வேலையென்ன, கனவு முடிந்தும் அவன் ஏன் வெளியே வரவில்லை? முனைவர் பட்டத்துக்கு உரிய பொருள், எவரும் எடுக்கலாம்.

நோய் சொன்னோம், மருந்தும் சொல்லவேண்டும். 'லாஸ்ட்' தொடர் விமான விபத்தில் தொடங்கித் தீவும் புகையும் பனிக்கரடியுமாக மர்மம் அடுக்கியது. மூன்றாம் சீசனில் நாயகன் ஜாக் உடம்பிலுள்ள பச்சை எப்படி வந்தது என்று விளக்க ஒரு முழு எபிசோடே ஒதுக்கப்பட்டது. அதை யாரும் கேட்டிருக்கவில்லை. தயாரிப்பாளர்களே பிற்பாடு தாழ்ந்த இடத்துக்கு உதாரணமாகச் சுட்டும் எபிசோடு அது. பிறகு 2007 மே மாதம் அவர்கள் துணிந்து ஒன்று செய்தார்கள்: இன்னும் மூன்று சீசன், 48 எபிசோடு, 2010-இல் முடிவு என்று நாள் குறித்தார்கள். முடிவு வந்தபோது சண்டை வந்தது வேறு கதை. பச்சையைப் பற்றி மட்டும் பிறகு பேச்சே இல்லை.

கெடாதவையும் உண்டு. 'பிரேக்கிங் பேட்' 2008-இல் சுமார் 14 லட்சம் பேரோடு தொடங்கி, 2013-இல் ஒரு கோடிக்கு மேற்பட்டோரோடு முடிந்தது. ஒரு வேதியியல் ஆசிரியர் எவ்வளவு தூரம் கெட்டுப்போவார் என்பதே அதன் கேள்வி. ஆள் கெடக்கெடத் தொடர் உருப்பட்டது. 'தி வயர்' வேறு தந்திரம் செய்தது. பால்டிமோர் ஒரே ஊர்தான். ஆனால் தெருவோரப் போதை வியாபாரம், துறைமுகம், அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம் என்று சீசனுக்கு ஒரு கேள்வி. நான்காம் சீசன் முதல் சீசனைவிட மேல் என்பது என் கட்சி, வாதாடத் தயார். ஐந்தாவதில்தான் சற்றுத் தள்ளாடியது. அதில் மெக்நல்டி என்ற துப்பறிவாளர், துறைக்கு நிதி கிடைக்காததால், இல்லாத தொடர்கொலைகாரன் ஒருவனை ஜோடித்துக் காட்டி மேலிடத்திடம் பணம் வாங்குகிறார். காவல்துறையைக் கிண்டல் செய்ததாகச் சொல்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர் தயாரிப்பு முறையை இவ்வளவு துல்லியமாக வேறெவரும் திரையில் காட்டியதில்லை என்பேன்.

இனி, கருதுகோளுக்குள் அடங்க மறுக்கும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'. அரியணையில் யார் உட்காருவார் என்ற கேள்வி கடைசி எபிசோடு வரை உயிரோடிருந்தது. இறுதி நாளும் முன்பே குறித்தாயிற்று. இரண்டு மருந்தும் கொடுத்தும் நோயாளி தேறவில்லை. ஆறு சீசனுக்குப் பத்துப் பத்து எபிசோடு, ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கு ஆறு. முதல் சீசனில் தலைநகரிலிருந்து வடக்குக்கு அரசன் பரிவாரம் வந்துசேர ஒரு மாதம். ஏழாவதில் பனிச்சுவருக்கு அப்பால் பிணப்படையிடம் நாயகர்கள் சிக்க, ஒருவன் கோட்டைக்கு ஓடுகிறான், அங்கிருந்து அண்டங்காக்கை ஓலையோடு தெற்கே பறக்கிறது, அரசி டிராகனில் ஏறி வடக்கே வருகிறாள். இவ்வளவும் ஆகும்வரை நாயகர்கள் அதே பாறைமேல் நிற்கிறார்கள். அந்தக் காக்கையின் வேகத்தைக் கணக்கிட முயன்ற பௌதிக ஆர்வலர்கள் கைவிட்டார்கள். 2019 மே மாதம் எட்டாம் சீசனின் ஒரு விருந்துக் காட்சியில், மேசைமேல் நம் காலத்துக் காப்பிக் கோப்பை ஒன்று தென்பட்டது. பிறகு கணினியால் அழித்தார்கள். என் பார்வையில் அந்தக் கோப்பை மட்டுமே அந்த சீசனில் அவசரப்படாமல் ஓரிடத்தில் இருந்தது.

தகுதியான எழுத்தாளர்களை வைத்துக் கடைசி சீசனை மறுபடி எடுக்கவேண்டும் என்ற இணைய மனுவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதே ஆண்டு அதற்குச் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருதும் கிடைத்தது. 2022-இல் முன்கதைத் தொடரான 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' வந்தபோது, முதல் நாளே அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள், இரண்டையும் ஒளிபரப்பிய எச்.பி.ஓ. நிறுவனத்தின் புதிய தொடர் எதுவும் அதுவரை கண்டிராத தொடக்கம் அது. ஏமாற்றம் வாடிக்கையாளரை விரட்டும் என்ற வணிகவியல் பாடம் இத்துறைக்குப் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

மனுப்போட்டு முடிவை மாற்ற முடியுமா என்ற துணைக்கேள்விக்கு 'டெக்ஸ்டர்' விடை தருகிறது. கொலைகாரர்களைக் கொல்லும் கொலைகாரனின் கதை அது. 2013-இல் எட்டாம் சீசனின் முடிவில் அவன் கடலில் மறைந்து, பிறகு தாடியோடு மரம் வெட்டுபவனாகக் காட்சி தந்தான். உலகமே ஏசியது. எட்டாண்டு கழித்துப் பிழை திருத்த ஒரு புதிய தொடர் எடுத்து, அதன் முடிவில் மகன் கையாலேயே அவனைச் சுடவைத்தார்கள். அதையும் ஏசினார்கள். 2025-இல் அவன் மருத்துவமனைப் படுக்கையில் கண்விழித்தான். குண்டு பட்டது உண்மைதான், சாகவில்லையாம். இந்தத் தொடர் நன்றாகவே இருப்பதாகப் பலரும் ஒத்துக்கொண்டார்கள். உடனே அதற்கு இரண்டாம் சீசன் அறிவித்துவிட்டார்கள்.