கியோட்டோ அண்ணன்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள் உண்டு. காலையில் முட்டை விலை கேட்டு முகம் மாறுகிறவர்கள் உண்டு. இப்போது மூன்றாவதாக ஒரு ரகம் சேர்ந்திருக்கிறது: ஜப்பானில் நடந்துவிட்டு வந்தவர். மகனோ மருமகனோ டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பார். பேரனைப் பார்க்கப் போன இடத்தில், "பழைய ஊரு ஒண்ணு இருக்குதுங்கப்பா, நடந்தே பார்க்கலாம்" என்று கியோட்டோவுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் கியோட்டோ அண்ணன்.

போவதற்கு முன் அண்ணன் நடந்து யாரும் பார்த்ததில்லை. தெருமுனை டீக்கடைக்கு ஸ்கூட்டி. எதிர்வீட்டு மொய் விருந்துக்கு புல்லட். ஆஞ்சநேயர் கோவிலுக்குப் போனால் செருப்பு விடும் இடம் வரை வண்டியை உருட்டிக்கொண்டு போய், அங்கே பூக்கார அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் செல்போனை எடுத்து நீட்டுகிறார்: ஒரே நாளில் 22,000 ஸ்டெப். டீக்கடையில் அந்தப் போன் கைமாறாத ஆளில்லை. ஒருவர் மட்டும், "பேரன் போனைக் கையில வெச்சுட்டு ஓடியாடி இருப்பானுங்க" என்று சந்தேகம் கிளப்பினார். அவருக்கு அன்றிலிருந்து டீ வாங்கித் தருவதில்லை.

அண்ணன் சொல்லும் கியோட்டோ இப்படித் தொடங்கும். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து மேசையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவார். "794-ல தலைநகரம் ஆச்சுங்க. தெருவெல்லாம் அப்பவே நூல் புடிச்ச மாதிரி. ஆயிரம் வருசத்துக்கு மேல ராஜா அங்கதான் இருந்தாரு. தொலைஞ்சு போகவே முடியாது." பிறகு அவர் தொலைந்துபோன கதையைச் சொல்வார். அது முக்கால் மணி நேரம் ஓடும்.

ரியோவான்ஜி கோவிலின் கல் தோட்டத்துக்கு வரும்போது குரல் தணியும். "வெள்ளைச் சரளைக்கு நடுவுல பதினஞ்சு கல்லு. எங்க உக்காந்து பார்த்தாலும் ஒண்ணு மறைஞ்சிரும். அதுதான் தத்துவம்." கேட்டுக்கொண்டிருந்த டிரெய்லர் ஓனர், "இதுக்கு டிக்கெட்டுங்களா?" என்றார். ஆமாம் என்றதும் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். அறுபத்தைந்து மீட்டர் உயரத்துக்கு எங்கள் ஊரில் இருப்பது ஒரே கல். எந்தச் சந்தில் நின்றாலும் மறையாது. காசும் கேட்பதில்லை.

வீட்டில் இந்தக் கதைகளுக்கு மதிப்புக் கொஞ்சம் குறைவு. நிஜோ கோட்டையில் நடந்தால் பலகைத் தரை குருவி மாதிரி கீச்சிடும், கள்ளத்தனமாக யாரும் உள்ளே வர முடியாது என்று அவர் கண்ணை விரித்தபோது அக்கா அடுப்படியிலிருந்து சொன்னார்: "ஏனுங்க, நம்ம மொட்டமாடிக் கதவும் அப்படித்தான் கீச்சுங்குது. எண்ணெய் விடுங்கன்னா காதுல வாங்குனாத்தானே."

முட்டை விஷயத்தில் மட்டும் ஊரே வாயடைத்தது. நிஷிகி என்ற கடைவீதியில் முட்டையை அடுக்கடுக்காகச் சுருட்டிச் சுட்டு, துண்டு போட்டு விற்கிறார்கள். அண்ணன் அதைத் தின்னவில்லை. முதலில் யென்னை ரூபாயாக்கினார், பிறகு துண்டுக்கு எத்தனை முட்டை என்று கணக்குப் போட்டார், பிறகு பண்ணை வைத்திருக்கும் மச்சானுக்கு வீடியோ காலில் காட்டினார். பச்சை முட்டையைச் சுடுசோற்றில் உடைத்து ஊற்றிச் சாப்பிடுகிறார்கள் என்றபோது மச்சான் நம்பவில்லை. தினமும் லோடு லோடாக முட்டை ஏற்றுகிற ஊருக்கு இப்படியொரு வழி இதுவரை தோன்றாமல் போனதே என்று மச்சானுக்கு இன்றுவரை வருத்தம்.

அங்கே தெருவில் குப்பைத்தொட்டியைக் காண்பது அரிது; அவரவர் குப்பை அவரவர் பையில். அந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார். பஜ்ஜி தின்ற காகிதம் சட்டைப் பாக்கெட்டுக்குள் போகிறது. எண்ணெய்க் கறைக்கு அக்கா தரும் அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. வண்டியே வராத ரோட்டில் பச்சை விளக்குக்காக நின்ற பெருமையைச் சொல்லிவிட்டு, பரமத்தி ரோட்டில் வெள்ளைக் கோட்டின் மேல் நின்று கையைக் காட்டினார். பதினாறு சக்கர லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துப் போனது. பாடி இவர் பட்டறையில் கட்டியதுதான்.

ஆனால் அண்ணனை முழுக்கக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. எங்கள் பக்கம் நாலு காசு பார்த்த மனிதன் நடந்து போனால் அது செய்தி. "என்னங்க, வண்டி எங்க?" என்பது முதல் கேள்வி. இரண்டாவது, "சக்கரை எவ்வளவுங்க இருக்குது?" மூன்றாவதை நேரில் கேட்கமாட்டார்கள், ஃபைனான்ஸ்காரன் வண்டியைத் தூக்கிட்டுப் போய்ட்டானாமே என்று அடுத்த தெருவில் பேசிக்கொள்வார்கள். கியோட்டோவில் அவரை ஒரு ஜீவனுக்கும் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போயிருக்கிறார். கோவிலும் கோட்டையும் அதற்கு அப்புறம்தான்.

அந்த ருசியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடையை அறிவித்தார். காலை ஆறு மணி, கமலாலயக் குளக்கரை. "நம்ம குடைவரையும் எட்டாம் நூற்றாண்டுங்க, கியோட்டோவுக்குக் கொறஞ்சதில்ல." இது நிஜம். மலையின் மேற்கே நரசிம்மர், கிழக்கே ரங்கநாதர், இரண்டும் பாறையைக் குடைந்தவை. அதியர் குலத்துக் குணசீலன் காலத்தவை என்பார்கள் கல்வெட்டு படித்தவர்கள். உச்சியில் இருக்கும் கோட்டையை 1768-ல் ஆங்கிலேயர் பிடித்து, பிறகு ஹைதர் அலியிடம் பறிகொடுத்தார்கள். அண்ணன் கடைசியாக அதில் ஏறியது ஒன்பதாம் வகுப்பில், பரீட்சைக்கு மட்டம் போட்டபோது. ஃபுஷிமி இனாரியில் சிவப்புத் தோரண வாசல்கள் வழியாக 233 மீட்டர் மலையை ஏறி இறங்கியவருக்கு இது எம்மாத்திரம்?

ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டிலிருந்து அண்ணன் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயரை வணங்கிவிட்டு நரசிம்மர் குடைவரைக்குள் போனோம். இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரையும், ஒரு காலை வானத்துக்கு வீசிய திரிவிக்கிரமரையும் அண்ணன் வெகுநேரம் பார்த்தார். கும்பிடத்தான் இதுவரை வந்திருக்கிறார். பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை என்று முகத்திலேயே தெரிந்தது. கணித மேதை ராமானுஜன் வீட்டார் கொண்டாடிய நாமகிரித் தாயாரையும் சேவித்தோம். எல்லாம் நன்றாகவே போயிற்று.

மலையைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் கிளம்பியதும் ஆரம்பித்தது. முதலில் பால்காரர்: "அண்ணா, வண்டி என்னாச்சுங்க?" அடுத்து மெடிக்கல் ஷாப்: "டாக்டர் நடக்கச் சொல்லிட்டாருங்களா?" மூன்றாவதாக வந்தவர் பங்காளி, பைக்கை நிறுத்தி, காலை ஊன்றி, குரலைத் தாழ்த்தி, "ஏதாச்சும் தேவைன்னா எங்கிட்டக் கேக்கறதுக்கு என்ன பங்காளி?" என்றார். அண்ணன் கியோட்டோ, பாரம்பரிய நடை, எட்டாம் நூற்றாண்டு என்றெல்லாம் விளக்கினார். பங்காளி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், ஏறுங்க, நான் உடறேன்" என்றார்.

அண்ணன் எங்களைப் பார்த்தார். பைக்கைப் பார்த்தார். வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

"நீங்க ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு மெதுவா நடந்து வாங்க," என்றார் பின்சீட்டில் காலைப் போட்டபடி. "நான் முன்னாடி போய் ரங்கநாதர் கோவில் படிக்கட்டுல நிக்கறேன்."